சங்குக் காசு கிடைத்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெட்டல் டிடெக்டரைப் பற்றியவை. குமரி மாவட்டத்தில் இவ்வளவு பேர் கருவியும் கையுமாக இருக்கிறார்கள் என்பது ஆசிரியருக்கே புதிய செய்தி. நான் வருவாய்த்துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். புதையல் கோப்புகளைக் கையாண்டிருக்கிறேன். என்னிடமும் ஒரு கருவி உண்டு. கடற்கரையில் மோதிரம், கம்மல் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் போய்த் தேடிக் கொடுப்பேன். அதனால் கடிதங்களை மொத்தமாக என்னிடம் தந்துவிட்டார்.

வாசகர், கணபதிபுரம்: அண்ணாச்சி, ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன். லெமூர் பீச்சில் சாயங்காலம் தேடலாமா? கடற்கரை எல்லோருக்கும் பொதுதானே, யாரைக் கேட்க வேண்டும்?

தம்பி, நான் இங்கே சொல்லப்போகிற சட்டங்கள் எதுவும் கருவியைப் பற்றிப் பேசவில்லை. தோண்டுவதையும், எடுத்ததை மறைப்பதையும் பற்றித்தான் பேசுகின்றன. அதனால் கருவி வாங்கியதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எங்கே தோண்டுகிறோம், எடுத்ததை என்ன செய்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

கடற்கரை பொது என்றால் அரசு நிலம் என்று அர்த்தம். உங்கள் பீச்சின் அன்றாடப் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ, பேரூராட்சியோ சுற்றுலாத்துறையோ, அங்கே ஒரு மனு எழுதிக் கொடுங்கள். தொலைந்த பொருட்களைத் தேடப் போகிறேன், கைக் கரண்டி தவிர வேறு எதுவும் கொண்டு தோண்ட மாட்டேன், குழியை மூடிவிடுவேன், பழம்பொருள் கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிப்பேன் என்று நாலு வரி போதும். நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துப் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டால் அந்த ஒரு தாள் பேசும். பதில் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடாதீர்கள்.

இனி எந்தச் சட்டத்திலும் எழுதாத விஷயம். கடற்கரையில் முதல் உரிமை தொழில் செய்கிறவர்களுக்கு. கரைமடி இழுக்கும்போது கயிற்றின் பக்கம் போகக் கூடாது. காயப்போட்ட வலைமேல் கால் வைக்கக் கூடாது. வள்ளத்தைச் சுற்றிக் கருவியை ஆட்டிக்கொண்டு நின்றால், இன்ஜினில் கை வைக்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். நினைப்பது நியாயம்தான். கடற்கரை ஊராக இருந்தால் ஊர்க் கமிட்டியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பேரூராட்சி முத்திரையை விட இந்த ஒரு வார்த்தைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

இருட்டிய பிறகு வேண்டாம். தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். பங்குனி ஆமை என்று நாம் சொல்கிற சிற்றாமைதான் நம் கரைக்கு அதிகம் வரும். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். அதன் முட்டைக் குழியைக் கலைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

அப்புறம், குழி. ஈர மணலில் ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி அப்படியே விட்டால் ஓடி வருகிற பிள்ளையின் கால் முறியும். ஒரு சத்தம், ஒரு குழி, உடனே மூடல். அடுத்த சத்தத்தை அதற்குப் பிறகு பாருங்கள். தோண்டி எடுத்த தூண்டில் முள், துருப்பிடித்த ஆணி, பாட்டில் மூடி எதையும் திரும்ப மணலில் போடாதீர்கள். இடுப்பில் இரண்டு அறை உள்ள ஒரு பை கட்டிக்கொண்டால், ஒன்றில் குப்பை, ஒன்றில் கிடைத்தது. குப்பை அறைதான் முதலில் நிறையும். கரையில் உட்கார்ந்திருக்கிற மீனவப் பெண்கள் அதைக் கவனிப்பார்கள். நாளைக்கு அவர்களே வந்து, ‘தம்பி, என் பிள்ளையின் கொலுசு அந்தப் பக்கம் விழுந்தது, பார்க்க முடியுமா’ என்று கேட்பார்கள். உங்களுக்கு அந்தக் கரையில் இடம் கிடைத்துவிட்டது என்று அப்போது வைத்துக்கொள்ளலாம்.

வாசகி, தக்கலை: சொத்தவிளை கடற்கரையில் என் கணவரின் கல்யாண மோதிரம் விழுந்துவிட்டது. கருவி வைத்திருந்த ஒருவர் தேடி எடுத்தார். ஆனால் பவுன் விலையில் பாதி தந்தால்தான் கொடுப்பேன் என்று நிற்கிறார். இது சரியா?

சரியில்லை, அம்மா. பொருளைக் கண்டெடுத்தவரின் நிலை என்ன என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு 71 அவரைப் பொருளைப் பாதுகாத்து வைத்திருப்பவராகத்தான் பார்க்கிறது, சொந்தக்காரராக அல்ல. பிரிவு 168 இன்னும் தெளிவு. நீங்கள் முன்கூட்டியே இன்ன தொகை பரிசு என்று அறிவித்திருந்தால் அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அறிவிக்கவில்லை என்றால், தானாக எடுத்த சிரமத்துக்குக் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது. அலைச்சல் செலவைக் கொடுக்கும் வரை பொருளைக் கையில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பாதி விலை என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் கிடையாது. சொந்தக்காரர் யார் என்று தெரிந்தும் பொருளைத் தன்னுடையதாக்கிக் கொண்டால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 314ஆம் பிரிவு வரும். குறைந்தது 6 மாதம், கூடினால் 2 வருடம் சிறையும் அபராதமும்.

முதலில் இதை அவரிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவும், மனம் இருந்தால் அதற்கு மேல் கொஞ்சமும் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் காவல் நிலையம்.

தேடப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். என்ன வாங்குவீர்கள் என்பதை மணலில் கால் வைக்கும் முன்பே பேசி முடியுங்கள். பொருள் கையில் வந்த பிறகு விலை பேசுவது, அழுதுகொண்டு நிற்கிறவரிடம் பேரம் பேசுவதுதான். நான் பஸ் செலவு வாங்குவேன். வெகுதூரம் என்றால் ஒரு சாப்பாடு.

தொலைத்தவர் செய்ய வேண்டியது: விழுந்தது தெரிந்த உடனே நின்ற இடத்தில் ஒரு குச்சி நட வேண்டும். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கையால் கிளறக் கூடாது. தங்கம் கனமானது, ஈர மணலைக் கிளறக் கிளற இன்னும் கீழே போகும். சங்குத்துறையில் ஒரு மாலை, புதிதாகக் கல்யாணமான இரண்டு பேருக்காகத் தேடினேன். அந்தப் பையன் கடலைக் காட்டி, இங்கேதான், இங்கேதான் என்று நாலு திசையையும் காட்டினான். அந்தப் பெண் மட்டும், ‘அலை வந்தப்போ நான் இவர் தோளைப் பிடிச்சேன், சூரியன் என் இடது கன்னத்தில் அடிச்சுது’ என்றாள். அதுதான் எனக்குத் தேவைப்பட்ட தகவல். அவளை அப்படியே நிற்கச் சொல்லி, குதிகாலால் கோடு கிழித்து, கோட்டுக்குக் கோடு கருவியைத் தாழ்வாக ஓட்டினேன். முதலில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள். அப்புறம் சோடா மூடி, இன்னொரு மூடி. தங்க மோதிரமும் அலுமினியத் துண்டும் கருவியின் காதுக்கு ஏறக்குறைய ஒரே சத்தம்தான் கொடுக்கும். குப்பை என்று ஒதுக்கிவிட்டால் மோதிரமும் சேர்ந்தே போகும். அதனால் எல்லாவற்றையும் தோண்டித்தான் ஆக வேண்டும். மூன்றாவது கோட்டில் நாலு விரல் ஆழத்தில் மோதிரம் இருந்தது.

கல்லூரி மாணவர், குழித்துறை: எங்கள் பக்கத்தில் குளம் தூர்வாரி, வண்டல் மண்ணை வாழைத் தோட்டத்துக்கு அடித்தார்கள். அந்த மண்ணில் கருவியை ஓட்டியபோது சங்கு அடித்த செப்புக் காசுகளும், மிகச் சிறிய வெள்ளிக் காசுகள் சிலவும் கிடைத்தன. புளி போட்டுக் கழுவலாமா? விற்கலாமா? யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

முதலில் புளியைக் கீழே வையுங்கள். எலுமிச்சை, சாம்பல், பிரஷ் எதுவும் வேண்டாம். செம்பின் மேலே இருக்கிற பச்சைப் படலம் அழுக்கு இல்லை. எழுத்தும் சங்கும் பல நேரம் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கும். புளியில் போட்டால் பளபளவென்று ஒரு வட்டத் தகடு மிஞ்சும், காசு போய்விடும். ஒட்டிய மண்ணோடு நிழலில் உலரவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து வையுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவை திருவிதாங்கூர் காசுகள். 1956 நவம்பர் 1 வரை நாம் அந்தப் பக்கம்தானே. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அந்த வெள்ளிச் சக்கரம் சட்டைப் பொத்தானில் பாதி கூட இராது. கையால் எண்ணி மாளாது என்று குழி குழியாக வெட்டிய மரப்பலகை வைத்திருந்தார்கள். காசை அள்ளிக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும், மிச்சத்தை வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. பழைய வீடுகளில் அந்தப் பலகையை இன்னும் காணலாம். இவ்வளவு சிறிய காசு கையிலிருந்து நழுவிக் குளத்தில் விழுவதில் ஆச்சரியமே இல்லை. பிந்திய காலத்துக் காசுகள் சிலவற்றில் கொல்லம் ஆண்டு அடித்திருப்பார்கள். அதோடு, மாதத்தைப் பொறுத்து, 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும்.

இனி சட்டம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடக்கிற, மதிப்புள்ள எந்தப் பொருளும் அதில் புதையல்தான். குடம் நிறையத் தங்கமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சட்டம் வைத்த எல்லை 10 ரூபாய்! அதற்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால், என்ன கிடைத்தது, எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பிணை கொடுக்க வேண்டும். நடைமுறையில் உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள். அது வட்டாட்சியர் வழியாக மேலே போகும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் பொருளைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இருக்கிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்: சீட்டு வாங்குங்கள். எண்ணிக்கை, எடை, படம், மூன்றும் அதில் இருக்கட்டும்.

ஆட்சியர் அறிவிப்பு கொடுப்பார். 4 மாதத்துக்குக் குறையாமலும் 6 மாதத்துக்கு மேற்போகாமலும் ஒரு நாள் குறித்து, உரிமை கோருகிறவர்கள் வரலாம் என்பார். உடையவர் இல்லை என்று தீர்மானமானால், அந்தச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்தின் உரிமையாளருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கும். தெரிவிக்காமல் மறைத்தால் அந்தப் பங்கும் போகும், ஒரு வருடம் வரை சிறையும் உண்டு.

விற்பது பற்றி: 100 வருடம் கடந்த காசு 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி தொல்பொருள். அதை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. வளைகுடாவில் இருக்கிற மாமாவுக்கு ஒரு காசை அன்பளிப்பாகக் கூரியரில் போட்டாலும் அது ஏற்றுமதிதான். குறைந்தபட்சம் 6 மாதம் சிறை.

சட்டம் இருக்கட்டும். எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. கோப்புகளில் நான் பார்த்த காசுகளில் பலவற்றுக்குப் பக்கத்தில் ‘கிடைத்த இடம்: தெரியவில்லை’ என்றுதான் இருக்கும். ஒரு கலயத்தில் நூறு காசு இருக்கிறது என்று வையுங்கள். அதில் எது கடைசியாக அடித்த காசோ, அந்த வருடத்துக்கு முன்னால் அந்தக் கலயத்தைப் புதைத்திருக்க முடியாது. ஆக, கலயத்துக்கே வயது சொல்வது அந்த ஒரு காசுதான். வேலைக்கு வந்தவர் ஒருவர் ‘பேரனுக்கு விளையாடக் கொடுக்கலாம்’ என்று அதையே எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனால், மிச்சம் 99 காசும் சேர்ந்து நமக்குத் தப்பான வருடத்தைச் சொல்லும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் வரலாறு பொய்யாகிவிடும்.

உங்கள் காசுகள் ஏற்கெனவே இடம் மாறித் தோட்டத்துக்கு வந்துவிட்டன. ஆனாலும் எந்தக் குளம், எந்த மூலையில் தோண்டிய மண், எந்த லோடு என்று ஜேசிபி ஓட்டியவருக்கும் டிராக்டர்காரருக்கும் இன்னும் நினைவிருக்கும். இன்றே போய்க் கேட்டு எழுதி வையுங்கள். படித்துறைப் பக்கத்து மண்ணில் காசு கிடைப்பதும் மடைப் பக்கம் கிடைப்பதும் ஒன்றல்ல. படித்துறையில் என்றால் குளிக்க வந்தவர்கள் தவறவிட்டது அல்லது வேண்டிப் போட்டது; மடையோரத்தில் மொத்தமாக என்றால் யாரோ ஒளித்து வைத்ததாக இருக்கலாம். இந்த வித்தியாசம் போனால் காசுக்குச் சந்தை விலை மட்டும்தான் மிச்சம். குளத்துக்கு இனிமேல் கருவியோடு போகாதீர்கள். அது நீர்வளத்துறையிடமோ உள்ளாட்சியிடமோ இருக்கும் இடம், கரையில் ஒரு குழி விழுந்தாலும் மழைக்காலத்தில் உடைப்பெடுக்கும்.

வாசகர், பத்மநாபபுரம்: உதயகிரிக் கோட்டை, வட்டக்கோட்டை, சிதறால் மலை. இங்கெல்லாம் தேட அனுமதி கிடைக்குமா?

கிடைக்காது. கேட்கவும் வேண்டாம். வட்டக்கோட்டையும் சிதறாலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே உரிமம் பெற்ற அகழாய்வாளர் தவிர வேறு யாரும் மண்ணைத் தொடக் கூடாது. சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உதயகிரி வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா, உள்ளே திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியாக இருந்த டிலனாயின் கல்லறையும் இருக்கிறது. உங்கள் ஊர் அரண்மனையோ தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருப்பது. 1741 குளச்சல் போரின் பீரங்கிக் குண்டு கிடைக்குமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருக்கும் இதே பதில்தான். கூடவே ஒரு எச்சரிக்கை: மண்ணில் உருளையாக, மூடி போட்டது போல ஏதாவது இரும்பு தட்டுப்பட்டால் தட்டிப் பார்க்காதீர்கள். விலகி வந்து 112க்கு அழையுங்கள்.

வாசகி, குளச்சல்: ஆடி மாதத்தில் கடல் மணலை வாரிக்கொண்டு போனதும் வெளியூர்ப் பையன்கள் கருவியோடு வருகிறார்கள். சுனாமிக்கு முன்பு வீடுகள் இருந்த இடத்தில் தேடுகிறார்கள். என் அம்மா போனது அங்கேதான். அவர் கழுத்தில் செயின் இருந்தது. இதைத் தடுக்க வழி இல்லையா?

அம்மா, 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நான் அங்கே நிவாரணப் பணியில் இருந்தேன். கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் பார்த்தேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகுதான் பதில் எழுத முடிந்தது.

அந்த மண்ணில் கிடைக்கிற தங்கம் புதையல் இல்லை. உடையவர்கள் இருக்கிறார்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். இறந்தவரிடம் இறக்கும்போது இருந்த பொருளை, உரிமையுள்ளவர் கைக்கு வருவதற்குள் ஒருவர் தனதாக்கிக் கொள்வதற்கென்றே நியாய சம்ஹிதையில் தனிப் பிரிவு இருக்கிறது, 315. மூன்று வருடம் வரை சிறை. ஊர்க் கமிட்டியும் பங்குப் பேரவையும் சேர்ந்து, எந்தெந்தப் பகுதி என்று வரைபடம் போட்டு, இங்கே கருவியோடு தேடத் தடை விதிக்க வேண்டும் என்று ஆட்சியருக்கு மனு கொடுங்கள். ஒரு நகல் கடலோரக் காவல் நிலையத்துக்கு. மனுவை எழுதித் தர நான் வருகிறேன். இதழ் அலுவலகத்துக்கு ஒரு வரி போட்டால் போதும்.

கருவி வைத்திருப்பவர்களுக்கு: அந்த இடங்களில் தேடாதீர்கள். யாராவது தடுத்தால் நிறுத்தலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். கடல் அரித்த வேறு இடத்தில் தாலியோ, பெயர் வெட்டிய மோதிரமோ தற்செயலாகக் கையில் வந்தாலும், பாக்கெட்டில் போடும் முன்பு அந்த ஊர்ப் பங்குத்தந்தையிடமோ காவல் நிலையத்திலோ காட்டுங்கள். திருப்பி வாங்குகிற வீட்டில் அதற்கு விலை என்று ஒன்று இல்லை. கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்தில் அஸ்தி கரைக்கிற இடத்துக்கும், ஆடி அமாவாசைக்குப் பலி போடுகிற துறைகளுக்கும் இதே வழக்கம்தான். தர்ப்பணம் முடித்து ஒருவர் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கருவி கீச்சிடக் கூடாது.

வாசகர், மணவாளக்குறிச்சி: எங்கள் கடற்கரையில் கருவியை வைத்தாலே ஓயாமல் கத்துகிறது. பழுதா?

பழுது இல்லை, உங்கள் மணல் அப்படி. கருமணலில் இருக்கிற இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் கலந்த தாது. ஈர மணலில் உப்பும் சேர்ந்துகொள்ளும். உணர்திறனைக் குறையுங்கள், நில ஒப்பீட்டை (கிரவுண்ட் பேலன்ஸ்) அந்த இடத்து மணலிலேயே வைத்துச் சரிசெய்யுங்கள், கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டை ஒரே உயரத்தில் மெதுவாக ஓட்டுங்கள். பல்ஸ் வகைக் கருவிகள் இந்த மணலில் நன்றாக வேலை செய்யும், ஆனால் இரும்பையும் தங்கத்தையும் அவ்வளவாகப் பிரித்துச் சொல்லாது.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் வைத்துச் சலித்துக்கொள்ளலாம் என்று மணலை மூட்டையில் அள்ளிப் போகாதீர்கள். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், ஏற்றுமதியான கயிற்றோடு ஒட்டிப் போன உங்கள் ஊர் மணலில்தான் மோனசைட்டைக் கண்டார். அதில் தோரியம் இருக்கிறது. அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிற பொருள். எடுத்த இடத்திலேயே ஓட்டைக் கரண்டியில் சலித்து, மணலை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வாசகி, நாகர்கோவில்: லண்டனில் படிக்கும் மகன் அங்கே ஒரு குழுவில் சேர்ந்து வாரக் கடைசியில் தேடப் போகிறேன் என்கிறான். அங்கே இதெல்லாம் சர்வசாதாரணம் என்கிறான். வம்பில் மாட்டிக்கொள்வானா?

சாதாரணம்தான், ஆனால் கட்டுப்பாடு அங்கேயும் உண்டு. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது. பட்டியலில் உள்ள தொல்லிடங்களில் அரசின் சிறப்பு அனுமதி இல்லாமல் கருவியையே எடுக்கக் கூடாது. தேம்ஸ் நதிக்கரைச் சேற்றில் தேட லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். 300 வருடம் கடந்த, பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள் போன்றவை 1996ஆம் ஆண்டின் சட்டப்படி புதையல். 14 நாளுக்குள் கொரோனர் என்ற அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். புதையல் அல்லாத பழைய பொருட்களையும் மக்கள் தாங்களாகவே கொண்டுபோய்ப் பதிவு செய்ய அங்கே ஒரு திட்டம் இருக்கிறது. ஒரு உடைந்த கொக்கி கிடைத்தால்கூட எந்த வயல், எந்த மூலை என்று பதிகிறார்கள். அப்படி ஒன்று நம் மாவட்டத்தில் இல்லையே என்று எனக்கு ஏக்கம் உண்டு. மகனைச் சேரச் சொல்லுங்கள். எடுத்ததை அங்கேயே காட்டிவிட்டு வரட்டும், பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏற வேண்டாம்.

வாசகர், வில்லுக்குறி: எங்கள் பழைய வீட்டுக் கொல்லையில் நிதி இருப்பதாக ஒரு மந்திரவாதி சொல்கிறார். பூஜைக்கு ஒரு லட்சம் கேட்கிறார். உங்கள் கருவியைக் கொண்டுவந்து பார்க்க முடியுமா?

வரமாட்டேன். பணத்தைக் கொடுக்காதீர்கள். என் கருவி மாதிரியான சாதாரணக் கருவிக்கு ஒரு காசு ஒரு சாணுக்கு மேல் ஆழத்தில் கிடந்தால் சரியாகத் தெரியாது. ஆள் ஆழத்தில் குடம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர் உங்கள் லட்சத்தை மட்டும்தான் பார்க்கிறார். பூஜை என்று தொடங்கிப் பலி என்று முடிந்த வழக்குகள் நாட்டில் உண்டு. அவர் அந்தப் பேச்சை எடுத்தால் அதே நிமிடம் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

ஆசிரியர், திருவட்டாறு: எங்கள் பள்ளித் தொன்மை மன்றத்துப் பிள்ளைகள் கருவி கேட்டு நச்சரிக்கிறார்கள். கோயில் பக்கம், ஆற்றங்கரைப் பக்கம் எங்கேயும் கூட்டிப் போக எனக்குத் தைரியம் இல்லை. என்ன செய்யலாம்?

கோயில் பக்கமும் ஆற்றங்கரையும் வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரி. பள்ளி மைதானம் போதும். தலைமையாசிரியரிடம் எழுதி அனுமதி வாங்கி, ஒரு மூலையில் பத்தடிக்குப் பத்தடி கட்டம் கட்டுங்கள். ஒரு வாரம் முன்பே பழைய ஒரு ரூபாய், சாவி, கரண்டி, ஆணி, சாக்லேட் தாள் எல்லாவற்றையும் வெவ்வேறு ஆழத்தில் நீங்களே புதைத்து வையுங்கள். இரண்டு மூன்று காசை ஒரே மடக்குத் துணியில் கட்டி ஒரு குழியில் போடுங்கள். கட்டத்தைக் கயிற்றால் ஒரு அடிக்கு ஒரு அடியாகப் பிரித்து, கருவி ஒருவர் கையில், அளவு நாடா ஒருவர் கையில், நோட்டு ஒருவர் கையில். சத்தம் வந்ததும் தோண்டுவதற்கு முன்பே கட்ட எண்ணை எழுத வேண்டும். எடுத்ததும் ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது, யார் எடுத்தது. நோட்டில் எழுதாமல் எடுத்த பொருளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கும், சேர்க்காதீர்கள். கடைசியில் நோட்டை மட்டும் வைத்து நீங்கள் புதைத்த வரைபடத்தைத் திரும்ப வரையச் சொல்லுங்கள். கருவி வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் என்னுடையதைக் கொண்டுவருகிறேன், பேட்டரி மட்டும் வாங்கி வையுங்கள்.